ஜன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன்

இரத்தம் குடிக்கிற ஒருத்தன்மேல் கொச்சி சுள்ளிக்கல் இறால் கொட்டகை முழுவதும் ஆசை வைத்திருந்த மழைக்காலம் அது.

அவனுக்கு வயது முந்நூறு. பார்த்தால் பதினெட்டு. உடம்பு ஐஸ் கட்டி மாதிரி சில்லென்றிருக்கும். பனி மூடிய ஏதோ ஒரு மலையூரில் ரொட்டிக் கடைக்காரர் மகளைக் காதலித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் அவனுக்கு நீளமாக ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. அது கொட்டகையில் யார் வாயிலும் நுழையவில்லை. ரோஜாதான் முதலில் "வெளுத்தவன்" என்றாள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

"ஐஸ் தண்ணியில ஊறி ஊறி என் கையும் அவன் கை மாதிரிதான் கெடக்கு" என்று விரல்களை விரித்துக் காட்டுவாள் ரோஜா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். "ராத்திரி தொட்டா எம் புருசன் பேய் பிடிச்ச மாதிரி எந்திரிச்சு உக்காருதான்."

"அந்த வெளுத்தவன இங்க வரச் சொல்லு. இறால் கொம்பு குத்தாத விரல் யாருக்கு இருக்கு? பட்டினி கெடக்காம சாப்பிட்டுப் போகட்டும்" என்பாள் இன்னொருத்தி. கொட்டகை குலுங்கும்.

இத்தனை ஆசையையும் வளர்த்துவிட்டவள் இசக்கிசெல்வி. இப்போது அந்த வெளுத்தவனை அவளுக்குக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

இசக்கிசெல்வி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் நெஞ்சு வரைக்கும் வந்து நிற்கும், வாய்க்கு வராது. வகுப்பு சிரிக்கும். ஒருநாள் சிரிப்பின் நடுவிலேயே பையை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரி சந்துக்குள் இருந்த வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. கடையில் கூட்டமாக இருந்தால் உப்பு வாங்காமலே திரும்புகிற பெண். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அம்மா பேச்சியம்மாள் கேட்காத நாள் கிடையாது. பிறகு அம்மா வேலை செய்த இறால் கொட்டகைக்கே அவளும் வந்து சேர்ந்தாள்.

ஆனால் கண்ணுக்கு முன்னால் அச்செழுத்து இருந்தால் அந்தத் தொண்டை திறந்துகொள்ளும். எப்படி என்று அவளுக்கே தெரியாது. சாப்பாடு பொதிந்து வந்த மலையாளப் பேப்பர் துண்டை ஒருநாள் மதியம் அவள் கணீரென்று வாசித்ததைக் கொட்டகை சூப்பர்வைசர் தன்யா கேட்டுக்கொண்டே வந்தாள். தன்யா கல்லூரியில் படித்தபோது உலகமே பைத்தியம் பிடித்து வாசித்த தொடர்தான் வெளுத்தவன் கதை. படமாகவும் வந்து, அவள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஐந்து புத்தகங்களையும் மலையாளத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் கறுப்பு அட்டை. முதல் புத்தகத்தின் அட்டையில் ஒரு வெள்ளை ஜன்னல், பாதி திறந்தபடி.

கம்பெனிக்காரர்கள் கொட்டகைக்குள் போன் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இருந்த ஒரு ரேடியோவும் முதல் மழையில் ஊமையாகிவிட்டது. அதனால் வாசிப்பு தொடங்கியது. பக்கம் புரட்டுகிற கை ஈரமாக இருக்க முடியாது, ஈரமில்லாத கை இறால் உரிக்க முடியாது. அதற்கு ஒரு வழி செய்தார்கள். இசக்கிசெல்வி கதவோரத்தில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து வாசிப்பாள். மற்றவர்கள் உரித்ததில் ஒவ்வொரு கைப்பிடி அவள் டிரேயில் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் அவள் டிரேயும் எல்லோருடையதும்போல நிறைந்துவிடும். கண் மலையாளத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். பாதிப் பெண்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மலையாளம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த கமலாக்ஷி சேச்சிக்கோ கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. ஆக, அந்தக் கொட்டகைக்கு வெளுத்தவன் வந்து சேர்ந்தது இசக்கிசெல்வியின் வாய் வழியாக மட்டும்தான்.

அந்த வாய்க்கு நேர் எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். வினை அங்கேதான்.

முதல் புத்தகத்தில், ரொட்டிக் கடைக்காரர் மகள் தூங்கும்போது வெளுத்தவன் ஜன்னலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் அல்ல, மாதக்கணக்கில், அவளுக்குத் தெரியாமல். அந்த இடம் வந்தபோது இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இறாலின் முதுகைக் கீறிக் குடலை இழுத்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்கு முன்னால், ஒரு ஆண் ராத்திரியில் ஒரு பெண்ணின் அறைக்குள் வந்து உட்கார்ந்தான் என்று எப்படிச் சொல்வது? காது சுட்டது. அவள் சட்டென்று மாற்றினாள்.

"அவன் ஜன்னலுக்கு வெளிய பனியில நின்னான். விடியிற வரைக்கும் அவளுக்குக் காவல் நின்னான்."

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "எந்தா ஒரு ஸ்நேகம்!" என்றாள் கமலாக்ஷி சேச்சி. அன்றைக்கு டிரேயில் கைப்பிடி கைப்பிடியாக விழுந்தது.

ஒருமுறை மாற்றியவளுக்கு அடுத்தது சுலபமாக வந்தது. முத்தமிட்டால், "பேசிக்கிட்டு இருந்தாங்க." ரொட்டிக் கடைக்காரர் மகள் நகரத்துக்குப் போய்ப் படிக்கக் கிளம்புகிறபோது அவளுடைய பனிச் செருப்புகளை அவன் ஒளித்து வைக்கிறான். அது கேட்க நன்றாக இல்லை என்று, "செருப்பு தொலைஞ்சு போச்சு, இவன் தேடிப் பாத்தான், கெடைக்கல" ஆயிற்று. தேடி வந்த தோழிகளிடம், "அவளுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்க மாட்டாள்" என்று அவன் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியதை ஒரேயடியாக விட்டுவிட்டாள். இப்படியே நாலாவது புத்தகம் வரைக்கும் வந்தாகிவிட்டது. வெளுத்தவன் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற அளவுக்கு நல்லவனாகிவிட்டான்.

இந்த நேரத்தில்தான் அம்மாவின் அண்ணன் மகன் ரமேஷ்பாபுவும் கதைக்குள் வந்தான்.

கொட்டகைக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். அப்பா இல்லாத இசக்கிசெல்வியையும் அம்மாவையும் கொச்சிக்கு அழைத்துவந்து, மட்டாஞ்சேரியில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவனுடைய அப்பா. முறைப் பையன். அதனால் இசக்கிசெல்விமேல் தனக்கு ஏதோ பட்டா எழுதிக் கொடுத்திருப்பதுபோல நடந்துகொள்வான். சித்திரையில் அவள் தையல் வகுப்பில் சேர்ந்தாள். தைக்கிற இடத்தில் வாய் பேச வேண்டியதில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது வாரமே இவன் அங்கே போய், "அவளுக்கு உடம்பு சரியில்ல, இனி வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் போனபோது அவளுடைய மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்தாள். "நீ யாருலே அதச் சொல்ல? எம் மவளுக்கு என்ன கேடு?" அதற்குப் பிறகு அவன் சாயங்காலம்தோறும் வீட்டுக்கு எதிரே தண்ணீர்க் குழாயடியில் வந்து நிற்கத் தொடங்கினான். அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் காலடியில் படும்படி வீசுவாள்.

அது சித்திரையில். ஆடியில் அம்மா அதே வாசலில் நின்று, "மழையில நனைஞ்சுக்கிட்டே நிக்கானே, பாவம்" என்றாள்.

இசக்கிசெல்வி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வெளுத்தவன் பனியில நிக்கலையா? அதே மாதிரிதான். நான்தான் புரிஞ்சுக்காம இருந்துட்டேன்" என்றாள் அம்மா.

கொட்டகையிலும் அதே பேச்சு. ரமேஷ்பாபு இரும்புக் கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தால் ரோஜா குரல் கொடுப்பாள்: "ஏ, வழி விடுங்க! கறுத்த வெளுத்தவன் வாரான்!"

"கறுப்பா இருந்தா என்ன, நெஞ்சு வெள்ளைல்லா?" என்பான் அவன், இசக்கிசெல்வியைப் பார்த்துக்கொண்டே. பெண்கள் சிரிப்பார்கள். அவள் புத்தகத்துக்குள் முகத்தை இறக்கிக்கொள்வாள். "பாரு, வெக்கத்த" என்பார்கள்.

வெட்கம் இல்லை அது. ஆனால் அவள் என்ன செய்தாலும் அதற்கு வெட்கம் என்றே பெயர் வைத்தார்கள். குனிந்தால் வெட்கம். எழுந்து போனால் வெட்கம். "வேண்டாம்" என்று அம்மாவிடம் அடிக்குரலில் சொன்னபோதும், "முதல்ல எல்லாரும் அப்படித்தான்ட்டி சொல்லுவாங்க" என்று அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் பூ வைக்க வருவதாகப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு முழம் மல்லிகைப்பூ தலையில் ஏறிவிட்டால் அப்புறம் இறக்க முடியாது. அவர்கள் பக்கத்தில் அது கல்யாணத்துக்குச் சமம்.

அந்த வாரம் புதன்கிழமை ஆந்திராவிலிருந்து வர வேண்டிய இறால் லோடு வரவில்லை. மதியமே விட்டுவிட்டார்கள். அம்மா நேராக ரேஷன் கடைக்குப் போனாள். இசக்கிசெல்வி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுப் படுத்தாள். ஓட்டில் மழை தட்டிக்கொண்டிருந்தது. தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது ரமேஷ்பாபு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில். அவன் காலடியில் தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது. அப்படியென்றால் வந்து வெகு நேரமாகியிருக்க வேண்டும். மடியில் ஐஸ் இழுக்கிற கொக்கி. அதன் நுனியைக் கதவிடுக்கில் விட்டுக் கொண்டியைத் தூக்கியிருக்கிறான்.

"வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குத" என்று சிரித்தான். "சின்னப் பிள்ளை மாதிரி."

அவள் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்தாள்.

"என்னத்துக்குப் பயப்படுத? தொட்டேனா? விரல் படல. உன் கதையில அவன் வெளியதான நிக்கான்? நான் அவனுக்கு ஒரு படி மேல."

அவள் கத்த நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே குரல் நெஞ்சில் நின்றது. அம்மா அரிசிப் பையோடு வந்தாள். அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் சுருங்கியது. பிறகு, "வாலே, எப்ப வந்த? சாயா குடிக்கியா?" என்றாள்.

அவன் சாயா குடித்தான். இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தான்.

அவன் போனதும் இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். "அம்மா, கதவு..."

"தெறந்து போட்டுட்டுத் தூங்கினா யாரும் வரத்தான் செய்வாங்க. அத்தான்தான வந்தான், விடு" என்றாள் அம்மா, அரிசியைப் பானையில் கொட்டிக்கொண்டே.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் அவள் அதுவரை அறிந்திராத கோபம். அழுகையாக மாறிக் கரைந்து போகிற கோபம் இல்லை. சோற்றில் கை வைத்தால் சோறு பொசுங்கும் போலிருந்தது. ரமேஷ்பாபுமேல் கோபம். அம்மாமேல் கோபம். சாயா கிளாஸ்மேல்கூடக் கோபம். அதை மூன்று தடவை கழுவினாள். கடைசியில் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். முதல் புத்தகம். ஜன்னல் வருகிற இடம். அவள் வெளியே நிறுத்தி வைத்திருந்தவன் அங்கே உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். கண் விழித்த பெண் புத்தகத்தில் என்ன செய்கிறாள் என்று தேடினாள். அவள் சிரிக்கிறாள். 'எத்தனை நாளாக வருகிறாய்?' என்று செல்லமாகக் கேட்கிறாள். இசக்கிசெல்வி அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனாள். கை நின்றது. கிழித்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமை கொட்டகையில் லோடு குவிந்து கிடந்தது. பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்கள். இசக்கிசெல்வி பெட்டிமேல் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தாள்.

"நாலாவதுல்லா ஓடுது? இது மொதப் புத்தகம்" என்றாள் ரோஜா. அட்டைப் படம் அவளுக்கு அத்துப்படி.

இசக்கிசெல்வி யாரையும் பார்க்கவில்லை. பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். "அவன் ஜன்னலைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தான். அவ தூங்கிக்கிட்டு இருந்தா. அவன் கட்டில் பக்கத்துல உக்காந்து அவளப் பாத்துக்கிட்டே இருந்தான். அவளுக்குத் தெரியாது. மறுநாளும் வந்தான். அதுக்கு மறுநாளும்."

ஒரு கை இறாலோடு காற்றில் நின்றது. "வெளியதான நின்னான்?"

"இல்ல. உள்ள."

அவள் நிறுத்தவில்லை. செருப்பு தொலையவில்லை, அவன்தான் ஒளித்தான் என்று வாசித்தாள். நகரத்துக்குப் போய்ப் படிக்கவிடாமல் செய்தது அவன்தான் என்று வாசித்தாள். தோழிகள் வந்தார்கள், 'அவளுக்கு உடம்பு சரியில்லை' என்று அவன் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினான் என்று, இதுவரை வாசிக்காமல் விட்ட பக்கத்தை வாசித்தாள். அந்த வரியில் அவள் குரல் மேலே போய்விட்டது.

"ஏட்டி, நீயா கட்டுத!" என்றாள் ரோஜா. உண்மையாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "இத்தன நாளும் நல்லவனா இருந்தவன் இன்னைக்கு எப்படிக் கெட்டவன் ஆவான்? ரமேஷ்பாபுமேல உள்ள எரிச்சல வெளுத்தவன்மேல காட்டுத."

"நாளைக்குப் பூ வைக்கப் போறாங்கள்லா, பயம்" என்றாள் இன்னொருத்தி.

அம்மா தலை நிமிராமல், "நிறுத்துட்டி. ஒழுங்கா வாசி" என்றாள். அது கெஞ்சல்போலவும் இருந்தது.

ரோஜா தன்யாவைக் கூப்பிட்டாள். "தன்யா சேச்சி! இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்க சொல்லுங்க. இவ பொய் சொல்லுதா."

தன்யா எடை போடுவதை நிறுத்திவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அய்யோ, இந்த சீன்! எனிக்கு ரொம்ப இஷ்டம். சரியாணு, புக்கில இப்படித்தான். அவன் ஜன்னல் வழி உள்ளே வரும். டெய்லி வரும்."

"உள்ளயா?"

"உள்ளே. ஆனா அது லவ் அல்லே? வந்தாலும் அவளை ஒண்ணும் செய்யில்லல்லோ. சும்மா பாத்துட்டு இருக்கும்."

"ஒண்ணும் செய்யலைன்னா எந்தா?" என்று கமலாக்ஷி சேச்சி கத்தியைக் கீழே வைத்தாள், "அந்தப் பெண்ணு ஜன்னல் அடைச்சுத்தானே கிடந்தது? அடைச்ச ஜன்னல் தொறக்க இவன் ஆரு?"

"சேச்சி, அது கதையில..."

"கதையாயாலும் ஜன்னல் ஜன்னல்தானே?"

மேசை இரண்டாகப் பிரிந்தது. காதல் என்றார்கள் சிலர். திருட்டுப் பயல் என்றார்கள் சிலர். ரோஜாவுக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. "ஏ இசக்கி, அப்ப எங்கள எதுக்கு ஏமாத்தின? அவனுக்காக நான் ரெண்டு நாள் அழுதிருக்கேன்!" என்று இறால் தோட்டை அள்ளித் தரையில் வீசினாள்.

இந்தச் சத்தத்தின் நடுவில் இசக்கிசெல்வி மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். அதே கணீர்க் குரல், அதே நிதானம்.

"புதன்கிழமை மதியம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தா. கதவச் சாத்தினா. கொண்டிய போட்டா. போட்டுட்டுத்தான் படுத்தா. மழை பெய்ஞ்சுக்கிட்டு இருந்தது. அவன் ஐஸ் இழுக்குற கொக்கிய கதவிடுக்குல விட்டு, கொண்டியத் தூக்கி, உள்ள வந்தான். நாற்காலிய கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தான். அவ கண் முழிச்சப்போ அவன் சட்டைத் தண்ணி தரையில தேங்கியிருந்தது. அவளால கத்த முடியல. அவளுக்கு எப்பவும் அப்படித்தான். அப்புறம் அவ அம்மா வந்தா. வந்து, அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தா."

பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. தன்யாதான் முதலில் கவனித்தாள். புத்தகம் அவளுடைய கையில் இருந்தது. இசக்கிசெல்வியின் மடியில் ஒன்றும் இல்லை. வெறும் உள்ளங்கைகளைப் பார்த்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் விரலில் இறால் கொம்பு ஏறியிருந்தது. அவள் அதைப் பிடுங்கவில்லை.

வெளியே ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. கொக்கி தரையில் உரசுகிற சத்தம் உள்ளே வந்தது. பின்னாலேயே ரமேஷ்பாபு, அவன் இழுத்த ஐஸ் கட்டி. "என்ன, எழவு வீடு மாதிரி இருக்கு? கதை முடிஞ்சு போச்சா?" என்றான்.

எல்லோரும் அந்தக் கொக்கியைப் பார்த்தார்கள்.

"லேய்," என்றாள் பேச்சியம்மாள். "பொதங்கிழமை கொண்டி போட்டிருந்துச்சா?"

"எந்தக் கொண்டி அத்தை?"

"எங்க வீட்டுக் கொண்டி."

அவன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். பெண்களிடமிருந்து எப்போதும் கூடவே வருகிற சிரிப்பு வரவில்லை. "போட்டிருந்தா என்ன அத்தை? நாளைக்குப் பூ வச்சாச்சுன்னா என் வீடுதான? நம்ம வெளுத்தவன்கூட..."

"வெளுத்தவன வெளக்குமாத்தால அடிப்பேன்!" பேச்சியம்மாள் எழுந்த வேகத்தில் டிரே சரிந்து இறால் தரையெல்லாம் சிதறியது. "போட்டிருந்துச்சா, இல்லையா?"

"போட்டிருந்துச்சு" என்றான் அவன். இப்போது அவனுக்கும் கோபம். "அதுக்கு இப்ப என்ன அத்தை? தொட்டேனா அவள? கேளுங்க. வாயத் தெறக்க மாட்டா, ஊமைச்சி, இங்க வந்து கதை கட்டியிருக்கா."

"ஐஸ் அவிடெ வெச்சிட்டுப் போடா" என்றாள் கமலாக்ஷி சேச்சி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

ரோஜா எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கையில் உரிக்கிற கத்தி இருந்தது. யாரும் அதை ஓங்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. ரமேஷ்பாபு தன்யாவைப் பார்த்தான். தன்யா வெள்ளை ஜன்னல் போட்ட அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் கட்டியை நடுவழியில் போட்டுவிட்டு, கொக்கியால் கதவில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு அதற்கு மேல் யாரும் கதை கேட்கவில்லை. இசக்கிசெல்வி பெட்டியிலிருந்து இறங்கி, ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, தரையில் சிதறியதைப் பொறுக்கினாள்.

சாயங்காலம் தாயும் மகளும் மட்டாஞ்சேரிக்கு நடந்தார்கள். மழை விட்டிருந்தது. அம்மா முன்னால் போனாள், மூச்சிரைக்க. பெரிய ரோடு திரும்புகிற இடத்தில் நின்று சுழன்றாள்.

"ஏன்டி அவன நல்லவனாக்கின? ரெண்டு மாசமா? நீ சொன்னத நம்பித்தான நான் இந்தப் பயலயும் நம்பினேன்? உள்ளதச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"உன் முன்னால எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்லணும்!"

"சொன்னேன். வேண்டாம்னு சொன்னேன். வெக்கம்னு சொன்ன. கதவுன்னு சொன்னேன். தெறந்து போட்டுட்டுத் தூங்கினேன்னு சொன்ன. சாயா போட்டுக் கொடுத்த. ரெண்டாவது தடவையும் கொடுத்த!"

அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அண்ணன் நம்பரைத் தேடி அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு அண்ணனிடம் எப்போதும் ஒரு தனிக் குரல் உண்டு. பணிந்து, சர்க்கரை போட்ட குரல். அது வந்தது.

"அண்ணே... நான்தான். ஆமாண்ணே, கொட்டகையிலேர்ந்து வாரோம். நாளைக்குப் பூ கொண்டு வர வேண்டாம்ணே. இல்லண்ணே, ஒண்ணுமில்ல, வேற ஒண்ணுமில்ல. பிள்ளைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்ல..."

தையல் வகுப்பில் ரமேஷ்பாபு சொன்னதும் அதுதான். மலையூரில் தோழிகளிடம் வெளுத்தவன் சொன்னதும் அதுதான். இசக்கிசெல்வி வாசிக்காமல் விழுங்கிய பக்கமும் அதுதான். அவள் அம்மாவின் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நான் இசக்கிசெல்வி பேசுதேன்." கையில் புத்தகம் இல்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். பொதங்கிழமை நான் கொண்டி போட்டுட்டுத் தூங்கினேன். உங்க மகன் கொக்கிய வச்சுக் கொண்டியத் தூக்கி உள்ள வந்து உக்காந்தான். என்னது? ஆமா, நீங்க கேட்டது சரிதான், உள்ள. வெளிய இல்ல, உள்ள. எனக்கு அவன் வேண்டாம். பூ கொண்டு வராதீங்க. கொண்டு வந்தா வாசல்ல வச்சே இத மறுபடியும் சொல்லுவேன்."

"மெல்லப் பேசுட்டி, ரோடு" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"மாட்டேன்" என்றாள் இசக்கிசெல்வி, இன்னும் சத்தமாக. மறுமுனையில் மாமா ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கே போனாள். "இருங்க மாமா. நான் இன்னும் முடிக்கல."